நதிமூலம் கேட்போம்



நதிமூலம், ரிஷிமூலம் இரண்டையும் கேட்கக்கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. ரிஷிமூலத்தை விட்டுவிடுவோம். ஒருவரின் பிறப்பை ஆராய்வது பண்பாகாது. ஆனால் நதிமூலத்தைக் கேட்காமல் இருக்க முடியுமா? குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வருகிற வழியில் அதில் என்னென்ன கலந்தது என்று தெரிந்துகொள்ளாமல், ஒரு தாய் தன் பிள்ளையின் கையில் குவளையைக் கொடுக்கலாமா?

கேட்கத்தான் வேண்டும். ஆனால் சரியான கேள்வியைக் கேட்க வேண்டும். அந்தச் சரியான கேள்வி எது என்பதை, நமக்கு அண்டையில் இருக்கும் சிங்கப்பூரின் அனுபவத்தைக் கொண்டு இன்று ஆராய்வோம். அந்த நாட்டில் சமையலறையிலும் குளியலறையிலும் கழிப்பறையிலும் பயன்படுத்திக் கழித்த நீரைச் சுத்திகரித்து, மீண்டும் குடிக்கத்தக்க நீராக ஆக்குகிறார்கள். அந்த நீருக்குப் புதுநீர் என்று பெயர்.

இதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுளிக்கும். "சாக்கடைத் தண்ணீரையா குடிக்கிறார்கள்?" என்று கேட்கத் தோன்றும். அது இயல்புதான். அப்படி முகம் சுளிப்பவர்கள் ஒரு கணம் நம் தோட்டத்து ஓடையை நினைத்துப் பார்க்க வேண்டும். பார்வைக்கு அந்த நீர் பளிங்குபோல் இருக்கும். அடியில் கிடக்கும் கூழாங்கற்கள்கூடத் தெரியும். ஆனால் மேட்டுப் பக்கத்தில் இன்னொரு டிவிசன் இருக்கிறது. அங்கே துணி துவைக்கிறார்கள், மாடுகள் இறங்கிக் குடிக்கின்றன, மழை பெய்தால் கக்கூஸ் குழிகள் கசிகின்றன. செம்பனைக் காட்டிலே அடித்த களைக்கொல்லியும் போட்ட உரமும் மழையோடு இறங்கி வருகின்றன. அவர்கள் கழித்த நீர்தான் நம் ஓடை. நாம் கழித்த நீர் நமக்குக் கீழே இருப்பவர்களின் ஓடை. ஆற்றோரத்தில் வாழும் மக்கள் எல்லாரும் ஒருவர் கழித்ததை மற்றவர் குடித்தே வாழ்ந்திருக்கிறார்கள். ஆறும் மண்ணும் வெயிலும் ஓரளவுக்கு அதைச் சுத்தம் செய்கின்றன. அந்த ஓரளவு போதாதபோதுதான் வாந்திபேதியும் டைபாய்டும் வருகின்றன.

தெளிவு வேறு, தூய்மை வேறு. இதை உலகம் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றது. 1854ஆம் ஆண்டு லண்டன் மாநகரில், பிராட் தெரு என்ற இடத்தில் ஒரு கைப்பம்பு இருந்தது. அதன் தண்ணீர் ருசியானது என்று பேர் பெற்றது. அந்தத் தெருவிலிருந்து குடிமாறித் தொலைவில் போய் வாழ்ந்த ஒரு மூதாட்டி, அந்த ருசிக்காகவே ஆள் வைத்து அதே தண்ணீரைத் தருவித்துக் குடித்துவந்தார். அவ்வாண்டு அந்த வட்டாரத்தில் காலரா பரவி, அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த மூதாட்டியும் மாண்டார். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை அந்தப் பம்பைச் சுற்றியே அமைந்திருந்தன. பின்னர் தோண்டிப் பார்த்ததில் காரணம் வெளிப்பட்டது. நோயுற்ற ஒரு குழந்தையின் அழுக்குத் துணிகளை அலசிய நீரைப் பக்கத்து வீட்டு மலக்குழியில் கொட்டியிருக்கிறார்கள். அது சில அடி தூரத்தில் இருந்த கிணற்றுக்குள் கசிந்திருக்கிறது. கண்ணும் நாக்கும் நல்லது என்று சொன்ன நீர் அது.

ஆகவே நீர் பார்க்க எப்படி இருக்கிறது என்பது சரியான கேள்வி ஆகாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வருவோம்.

சிங்கப்பூர் ஒரு சிறு தீவு. ஏறக்குறைய 60 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழைக்குக் குறைவில்லை. அதைத் தேக்கி வைக்க இடம்தான் இல்லை. பெரிய ஆறு இல்லை, ஏரி இல்லை, நம்பியிருக்கும் அளவுக்கு நிலத்தடி நீரும் இல்லை. ஆகையால் நெடுங்காலமாக ஜொகூரிலிருந்து குழாய் வழியாக நீர் பெறுகிறார்கள். 1942ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், ஜப்பானியர் படை நெருங்கியபோது பிரிட்டிஷார் ஜொகூர் பாலத்தைத் தகர்த்தார்கள். அதோடு தண்ணீர்க் குழாயும் அறுந்தது. போரில் முற்றுகையிடப்பட்ட நகரத்துக்குத் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்பதை அந்த நாட்கள் காட்டின.

பின்னர் 1963ஆம் ஆண்டு கடும் வறட்சி வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதம் தொடங்கி 1964 பிப்ரவரி வரை சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. குறிப்பிட்ட நேரங்களில் குழாய்களை மூடிவிடுவார்கள். வாளியும் டின்னும் அண்டாவுமாக மக்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதே 1963இல்தான் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. தண்ணீர் அதன் பொறுப்பாயிற்று.

ஜொகூரோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் 1961ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 2011இல் முடிந்துவிட்டது. 1962ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி, நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை ஜொகூர் ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அது 2061ஆம் ஆண்டு வரை செல்லும். ஆனால் ஒப்பந்தம் இருந்தாலும் ஆற்றிலே நீர் இருக்க வேண்டுமே! 2016ஆம் ஆண்டு ஜொகூரின் லிங்கியூ நீர்த்தேக்கம் அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காக வற்றியது. வறட்சி எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை. அக்கரையும் இக்கரையும் ஒன்றாகவே வாடும்.

மழை பொய்த்தாலும் பொய்க்காத ஒரு நீர் உண்டா? உண்டு. நேற்று நாம் பயன்படுத்திய நீர்! அறுபது லட்சம் பேர் குளித்தும் சமைத்தும் கழுவியும் விட்ட நீர் நாள் தவறாமல் வந்துகொண்டே இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து கடலில் விடுவதற்குப் பதிலாக, இன்னும் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தலாமே என்பதுதான் யோசனை.

யோசனை பிறந்த உடனே காரியம் கைகூடிவிடவில்லை. 1974ஆம் ஆண்டு ஜூரோங்கில் ஒரு சோதனை நிலையம் அமைத்துப் பார்த்தார்கள். நீரைச் சுத்தம் செய்ய முடிந்தது. ஆனால் செலவு அதிகம், அன்றைய கருவிகளும் நம்பகமாக இயங்கவில்லை. மறு ஆண்டே நிலையத்தை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு 20 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். அதற்குள் உலகில் வடிகட்டும் சவ்வுகளின் தரம் உயர்ந்தது, விலையும் இறங்கியது. 1998இல் மீண்டும் ஆய்வைத் தொடங்கி, 2000ஆம் ஆண்டு மே மாதம் பிடோக்கில் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் முன்னோடி நிலையத்தை இயக்கினார்கள்.

சரி, கழித்த நீர் எப்படிக் குடிநீராகிறது? ஒரு குடம் தண்ணீரின் பின்னாலேயே நாமும் போய்ப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் நம்மவர்கள் தேக்கா என்று அழைக்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்தை நம்மில் பலர் அறிவோம். சிராங்கூன் சாலையில் சாமான் வாங்க, நகைக்கடை பார்க்க, வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிடப் போயிருப்போம். அங்கே ஓர் உணவுக்கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீரில் சோற்றுப் பருக்கை, எண்ணெய், சோப்பு எல்லாம் இருக்கின்றன. அது எங்கே போகிறது?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஊரில் இரண்டு வழிகள் உண்டு. தேக்காவின் கூரைகளிலும் தெருக்களிலும் விழுகிற மழைநீர் திறந்த கால்வாய்களில் ஓடுகிறது. அது ரோச்சோர் கால்வாய் வழியே மரினா நீர்த்தேக்கத்தைச் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது. 2008ஆம் ஆண்டு கடல் முகத்தில் மரினா அணை கட்டி, அந்த நீரைத் தேக்கினார்கள். தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கே சேர்கிறது. ஆகையால் அந்தத் தெருவில் எறியும் குப்பை குடிதண்ணீரில் எறியும் குப்பைக்குச் சமம். வீடுகளிலும் கடைகளிலும் கழிக்கிற நீருக்கு வேறு வழி. அது மூடிய குழாய்களில் தனியே போகிறது. மழைநீரும் கழிவுநீரும் சேராமல் பிரித்து வைத்ததுதான் முதல் படி. அது இல்லாவிட்டால் மற்றது எதுவும் நடந்திருக்காது.

கழிவுநீர்க் குழாய்களில் பல, பூமிக்கு அடியில் மிக ஆழத்தில் செல்லும் பெரிய சுரங்கத்தில் போய்ச் சேர்கின்றன. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தச் சுரங்கம் செல்கிறது. சில இடங்களில் அது 50 மீட்டருக்கு மேல் ஆழம். சரிவாக அமைத்திருப்பதால் நீர் தானாகவே ஓடிப் போகிறது. சாங்கியில் உள்ள நிலையம், 2008இல் தொடங்கியபோதே நாளொன்றுக்கு 80 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆற்றல் கொண்டிருந்தது.

நிலையத்துக்குள் முதல் வேலை, கம்பித் தடுப்புகளால் பெரிய குப்பைகளைப் பிடிப்பது. பிறகு மணலும் வண்டலும் அடியில் தங்கும்படி விடுகிறார்கள். அடுத்து வருவதுதான் இயற்கையின் அற்புதம். நீருக்குள் காற்றை ஊதி, கோடானுகோடி நுண்ணுயிர்களை வளர்க்கிறார்கள். அவை நீரில் கரைந்துள்ள அழுக்கை உணவாகத் தின்று தீர்க்கின்றன. தின்று கொழுத்த அந்த நுண்ணுயிர்கள் அடியில் சேறாகப் படிகின்றன. மேலே ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. முன்பெல்லாம் இந்த நிலையிலேயே நீரைக் கடலில் விட்டார்கள். இது தெளிந்த நீர், இன்னும் தூய நீர் ஆகவில்லை.

புதுநீரின் தனி வேலை இதற்குப் பிறகே தொடங்குகிறது. அதற்கு மூன்று கட்டங்கள் உண்டு.

முதலாவது, நுண்வடிகட்டல். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால் வெட்டிக் கொண்டுவந்த பாலைச் சல்லடையில் ஊற்றி வடிப்பார்கள் அல்லவா? பட்டைத் தூளும் இலையும் மேலே நின்றுவிடும், பால் கீழே இறங்கும். இங்கே உள்ள சல்லடையின் கண் தலைமுடியின் தடிமனில் பல நூற்றில் ஒரு பங்கு. மிதக்கும் தூசியும் காலரா, டைபாய்டு போன்ற நோய்களைத் தரும் பாக்டீரியாக்களும் அதில் நின்றுவிடுகின்றன.

ஆனால் சல்லடைக்கு ஓர் எல்லை உண்டு. பாலை உறைய வைக்க அமிலம் ஊற்றுகிறோம். அந்த அமிலத்தைச் சல்லடையால் பிரிக்க முடியுமா? முடியாது. கரைந்தது கண்ணில் நிற்காது. உப்பும் இரசாயனமும் மருந்துகளின் மிச்சமும் நீரில் கரைந்திருக்கின்றன. மிக நுண்ணிய வைரஸ் கிருமிகளும் சல்லடையைத் தாண்டி வரக்கூடும்.

அவற்றுக்காகத்தான் இரண்டாவது கட்டம். இதை எதிர்ச் சவ்வூடு பரவல் என்பார்கள். பெயர் நீளமாக இருந்தாலும் விஷயம் நம் ஊறுகாய் ஜாடியிலேயே இருக்கிறது. எலுமிச்சம் பழத்தை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் ஜாடியில் நீர் விட்டிருக்கும். நாம் நீர் ஊற்றவில்லையே, எப்படி வந்தது? பழத்தின் மெல்லிய சவ்வு வழியாக உள்ளே இருந்த நீரை உப்பு வெளியே இழுத்திருக்கிறது. உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் போவது இயற்கை. அதையே திருப்பிச் செய்தால்? உப்பும் அழுக்கும் கரைந்த நீரை ஒரு சவ்வின் மேல் பலமான அழுத்தத்தில் தள்ளினால், தண்ணீர் மட்டும் சவ்வினூடே மறுபக்கம் கசிந்து வருகிறது. கரைந்தவை ஏறக்குறைய எல்லாம் இந்தப் பக்கமே தங்கிவிடுகின்றன. வைரஸும் தாண்ட முடிவதில்லை.

இந்தச் சவ்வைப் பயனுக்கு வரும்படி முதலில் செய்தவர்கள் இருவர். சிட்னி லோப் ஒருவர், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் மற்றவர். 1960ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவர்கள் இதைக் கண்டார்கள். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய ஒருவரின் உழைப்பு, இன்று உலகில் பல கோடிப் பேரின் தாகத்தைத் தணிக்கிறது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

மூன்றாவது கட்டம், புற ஊதாக் கதிர். வெயிலிலும் இந்தக் கதிர் உண்டு. தப்பித் தவறி ஏதேனும் கிருமி வந்திருந்தால் அதையும் இது செயலிழக்கச் செய்கிறது. கடைசியாக, நீரின் புளிப்புத் தன்மையைச் சமன் செய்கிறார்கள். புதுநீர் தயார்.

கடல் சூழ்ந்த நாட்டில் கடல்நீரையே இப்படிச் செய்துவிடலாமே என்று கேட்கலாம். அதையும் 2005 முதல் செய்கிறார்கள். ஆனால் கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. கழிவுநீரில் கரைந்துள்ளவை ஏறக்குறைய ஒரு கிராமோ அதற்கும் குறைவோதான். உப்பு மிகுந்தால் தள்ளுகிற அழுத்தமும் மிக வேண்டும், மின்சாரமும் மிகும். கடல்நீரைக் குடிநீராக்கச் செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே புதுநீருக்குப் போதும்.

நேயர்களே, கருவிகளைப் பற்றி இவ்வளவு சொன்னோம். உண்மையில் கடினமான வேலை கருவி செய்வது அன்று. மக்கள் மனத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதே கடினம். ஆஸ்திரேலியாவின் டுவூம்பா நகரில் இதே திட்டம் வந்தது. ஊர் வறட்சியில் வாடிக்கொண்டிருந்த காலம் அது. 2006ஆம் ஆண்டு ஜூலையில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டின் தலைநகரான விண்ட்ஹூக், 1968ஆம் ஆண்டிலேயே சுத்திகரித்த கழிவுநீரை நேரே குடிநீர்க் குழாயில் சேர்த்த நகரம். பாலைவனத்து ஊர் அது, வேறு வழி இல்லை. இன்றும் அங்கே அது நடந்துவருகிறது.

சிங்கப்பூர் என்ன செய்தது? முதலில் சோதித்தது. 190 வகையான அளவைகளைக் கொண்டு 20,000 சோதனைகள் செய்தார்கள். எலிகளுக்கும் மீன்களுக்கும் அந்த நீரையே கொடுத்து நீண்ட நாள் கவனித்தார்கள். தங்கள் சொல்லே போதும் என்று இராமல், உள்நாட்டு, வெளிநாட்டு அறிஞர்கள் அடங்கிய ஒரு குழுவிடம் எல்லாவற்றையும் காட்டினார்கள். நீர் பாதுகாப்பானது என்று 2002இல் அந்தக் குழு கூறியது.

பிறகு மக்களிடம் வந்தார்கள். 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், தேசிய தின அணிவகுப்பில், காலாங் தேசிய விளையாட்டரங்கில் கூடியிருந்த சுமார் 60,000 பேர் புதுநீர்ப் புட்டிகளை உயர்த்தி ஒன்றாகக் குடித்தார்கள். அன்றைய பிரதமர் கோ சோக் டோங்கும் அவர்களில் ஒருவர். முதலில் தலைவர்கள் குடித்துக் காட்டியது மக்களுக்குத் தெம்பு தந்தது. 2003 பிப்ரவரியில் பிடோக், கிராஞ்சி ஆகிய இடங்களில் புதுநீர் ஆலைகள் முறையாகத் தொடங்கின. பிடோக்கில் ஒரு பார்வையாளர் நிலையமும் திறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வந்து, நீர் ஒவ்வொரு கட்டமாகச் சுத்தமாவதைக் கண்ணாரக் கண்டு, கையில் ஒரு புட்டி புதுநீரும் பெற்றுச் சென்றார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்த நிலையம் 2024இல் மூடப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்துவிட்டது.

இந்த நீர் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பகுதி ஆலைகளுக்குப் போகிறது. மின்னணுச் சில்லுகள் செய்யும் ஆலைகளுக்கு மிகமிகச் சுத்தமான நீர் வேண்டும். குழாய் நீரைவிடப் புதுநீரே அவர்களுக்கு ஏற்றது. ஒரு சிறு பகுதியை நீர்த்தேக்கங்களில் விட்டு, மழைநீரோடு கலக்கிறார்கள். தொடங்கிய 2003இல் அது நாட்டின் அன்றாடத் தேவையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. வறட்சிக் காலத்தில் கூடுதலாக விடுவார்கள். அந்தக் கலப்பு நீர் மறுபடி வழக்கமான சுத்திகரிப்புக்குப் பிறகே வீட்டுக் குழாய்க்கு வருகிறது. சவ்வில் வடித்த நீரில் இயற்கையான தாதுக்களும் நீங்கிவிடுவதால், நீர்த்தேக்கத்தில் கலப்பது அவற்றைத் திரும்பத் தருகிறது. குறை ஏதேனும் நேர்ந்தால் கண்டுபிடிக்க அவகாசமும் கிடைக்கிறது. ஆலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாட்டின் தண்ணீர்த் தேவையில் நூற்றுக்கு 40 பங்கு வரை புதுநீரால் நிறைவேற்ற முடியும்.

குறையே இல்லையா? உண்டு. மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்கள் இரவும் பகலும் வேண்டும். மிகச் சிறிய சில இரசாயனங்கள் சவ்வையும் தாண்டிக் கசியக்கூடும். அதனால்தான் அவர்கள் ஒரு முறை சோதித்ததோடு நிறுத்தவில்லை. இதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட சோதனைகள் நடந்திருக்கின்றன. சோதனை நின்ற நாளில் நம்பிக்கையும் நின்றுவிடும்.

இப்போது முகம் சுளிப்பதைப் பற்றி நாம் மனம் விட்டுப் பேச வேண்டும். சிங்கப்பூரில் வாளிக் கக்கூஸ் முறை 1987ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அறவே ஒழிந்தது. அதுவரை மலம் நிறைந்த வாளிகளைத் தூக்கிச் சென்ற மனிதர்கள் இருந்தார்கள். நம் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் அந்த வேலைக்கென ஆள் வைத்திருந்தார்கள். அவர் செய்த வேலையால் லயத்துப் பிள்ளைகள் நோயின்றி இருந்தன. ஆனாலும் அவரைத் திண்ணையில் உட்காரவிடாமல் எட்ட நிறுத்தினோம். அவர் குளித்து, வெள்ளை உடுத்தி வந்தாலும், "இவர் இன்னார்" என்பதே நம் நினைவில் நின்றது. தண்ணீரையும் நாம் அப்படித்தான் நடத்துகிறோம். எத்தனை முறை சுத்தம் செய்தாலும், அது எங்கே இருந்து வந்தது என்பதை மறக்க மறுக்கிறோம். மனிதரிடத்தில் பிறப்பைக் கேட்பது எவ்வளவு தவறோ, நீரிடத்தில் பிறப்பை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவதும் அவ்வளவு தவறு. மழையாகப் பொழிவதும் யாரோ எப்போதோ கழித்த நீர்தானே!

நீரிடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதில் என்ன கலந்திருக்கிறது? அதை நீக்க என்ன செய்தார்கள்? நீங்கியதா என்று யார் சோதித்தார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிற கழிவுநீர் நல்ல நீர். இவற்றுக்குப் பதில் இல்லாத மலை ஊற்று ஐயத்துக்குரியது.

நம் தாய்நாட்டிலும் இந்த வழியில் அடி எடுத்து வைத்திருக்கிறார்கள். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை இதே சவ்வு முறையில் சுத்திகரிக்கும் நிலையங்கள் 2019இல் செயலுக்கு வந்தன. சென்னையின் ஏரிகள் வறண்டு, தண்ணீருக்காக மக்கள் குடத்தோடு அலைந்த ஆண்டு அது. அந்த நீரை ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆலைக்குக் கொடுத்த அளவுக்குக் குடிநீர் மக்களுக்கு மிஞ்சும்.

இனி நம் வீட்டு விஷயம். இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் கழிவுநீரை வடிகட்டிக் குடிக்க முயலக்கூடாது. அது பெரிய நிலையங்களின் வேலை. நாம் செய்ய வேண்டியவை வேறு.

இன்று பல தோட்டங்களுக்குக் குழாய் நீர் வந்துவிட்டது. ஆனால் வறட்சியில் குழாய் நின்றுபோனால் மறுபடி கிணற்றையும் ஓடையையும் தேடுகிறோம். தேயிலை மலைகளில் ஊற்று நீரைக் குழாய் வைத்து லயங்களுக்குக் கொண்டுவரும் இடங்களும் உண்டு. அப்படிப்பட்ட நீரைக் குடிக்குமுன் கட்டாயம் கொதிக்க வைக்க வேண்டும். சூடானால் போதாது. கொப்புளம் விட்டுக் கொதித்த பிறகு ஒரு நிமிடம், உயரமான மலைப்பகுதியில் மூன்று நிமிடம் கொதிக்கட்டும். பிறகு மூடி வைத்து ஆற்றுங்கள். கையை விட்டு மொள்ளாமல், பிடி வைத்த அகப்பையால் எடுங்கள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் உரமும் களைக்கொல்லியும் போகாது. நீர் வற்ற வற்ற அவை இன்னும் செறிவாகும். ஆகவே மருந்தடித்த காட்டின் கீழே ஓடும் நீரை, கொதிக்க வைத்தாலும் குடிக்கக்கூடாது. மருந்து வந்த டின்னையும் தோம்பையும் எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் பிடிக்கப் பயன்படுத்தவே கூடாது. மருந்து பம்பை ஓடையில் கழுவுவது, கீழே குடியிருப்பவரின் குவளையில் கழுவுவதற்கு ஒப்பாகும். கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி தூரம் இருக்கட்டும். குழி ஒருபோதும் கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் இருக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் வழங்குவது நிர்வாகத்தின் கடமை என்று மலேசியாவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே, "எங்கள் தொட்டித் தண்ணீரைச் சோதித்தீர்களா? எப்போது சோதித்தீர்கள்? முடிவு என்ன?" என்று கேட்பது எதிர்ப்பாகாது. அது உரிமை. சங்கத்தின் மூலமாகவோ சுகாதார அலுவலகத்தின் மூலமாகவோ பணிவோடும் உறுதியோடும் கேட்கலாம். கேட்டதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் பதிலும் காகிதத்தில் வரும். சிங்கப்பூர் மக்கள் புதுநீரைக் குடிக்க ஒப்பியது, கேட்ட கேள்விக்கு அவர்களுக்குப் பதில் கிடைத்ததால்தான்.

நேயர்களே, தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, பள்ளத்திலிருந்து கடலுக்கு, கடலிலிருந்து மேகத்துக்கு என்று அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம் கைக்கு வரும் முன் அது யாரோ ஒருவருடையதாக இருந்தது. நம் கையை விட்டுப் போன பின் வேறொருவருடையதாகும். வருகிற நீரைக் கேள்வி கேட்டுக் குடிப்போம். போகிற நீரைக் கீழே இருப்பவரை நினைத்து விடுவோம்.